லின்க்ஸையும் எண்ண வேண்டும்

பனிச்சிறுத்தையை உங்களில் பலர் ஆவணப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அது வாழும் அதே லடாக் மலைகளில் இன்னொரு காட்டுப்பூனையும் உண்டு. காது நுனியில் தூரிகைபோல் கறுப்பு முடிக்கற்றை, கட்டை வால், பனியில் புதையாத அகலமான பாதங்கள். அதன் பெயர் இமயமலை லின்க்ஸ். பிடோக்கில் என் வகுப்பில் அதன் படத்தைக் காட்டியபோது, “யார் வீட்டுப் பூனை?” என்றார் ஒரு மாணவர்!

ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரவியுள்ள லின்க்ஸ் இனத்தின் துணையினம் இது. கொல்கத்தா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்ட் பிளைத் 1847ல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இமயமலை, திபெத், தியன்‌ஷான், மங்கோலியப் புல்வெளி ஆகியவை இதன் இருப்பிடங்கள். மரமில்லாத அந்த நிலத்தில் வெளிர் மணல் நிறமே இதற்கு மறைவிடம். முயலும் மர்மோட்டும் முக்கிய இரை. நம் புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டர்கூட இல்லை. இதுவோ 3,000 மீட்டருக்கு மேல் சாதாரணமாக உலவும்.

உலகப் பாதுகாப்புப் பட்டியலில் லின்க்ஸ் ‘கவலை குறைந்த’ இனம். மொத்த இனத்துக்கு அது சரிதான். ரஷ்யாவில் நிறைய இருக்கின்றன. ஆனால் ரஷ்யாவில் நிறைய இருப்பதால் லடாக் லின்க்ஸுக்கு என்ன பயன்?

பனிச்சிறுத்தையை இந்தியா முறையாகக் கணக்கெடுத்தது. 2024ல் வெளியான முடிவு 718; அதில் லடாக்கில் மட்டும் 477. லின்க்ஸுக்கு அப்படியொரு தேசியக் கணக்கு இல்லை. இத்தனைக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்கு முதல் அட்டவணையில் இடம் தந்திருக்கிறது.

எண்ணுவது சுலபம் என்று நான் சொல்லவில்லை. பனிச்சிறுத்தையின் உடற்புள்ளிகள் நம் கைரேகை மாதிரி. தானியங்கிக் கேமராப் படத்தை வைத்தே ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துவிடலாம். இந்த லின்க்ஸுக்கோ பல நேரங்களில் புள்ளிகள் மங்கலாக இருக்கும், சிலவற்றுக்கு இருக்கவே இருக்காது. அதனால் எச்சத்திலும் முடியிலும் உள்ள மரபணுவை ஆராய வேண்டியிருக்கும். செலவு கூடும். இருந்தாலும், பனிச்சிறுத்தைக்காக ஏற்கெனவே வைத்த கேமராக்களில் லின்க்ஸும் பதிவாகிறதே! எந்தெந்தப் பள்ளத்தாக்கில் அது இருக்கிறது என்பதையாவது அந்தப் படங்களிலிருந்து தொகுக்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் நாய்கள். சுற்றுலா விடுதிகளும் முகாம்களும் கொட்டும் உணவுக் கழிவைத் தின்று லடாக்கில் தெருநாய்கள் பெருகிவிட்டன. கூட்டமாக வரும் நாய்களை ஒற்றை லின்க்ஸ் எதிர்த்து நிற்க முடியாது. பிடித்த இரையையும் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். பள்ளி விடுமுறையில் லடாக் செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. விடுதியைத் தேர்ந்தெடுக்கும் முன், மிஞ்சிய சாப்பாட்டை என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.

நம் ஊரிலும் இதே கதைதான். சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் ஒரே காட்டுப்பூனை, சிறுத்தைப்பூனை. ஆசியாவில் பரவலாக இருப்பதால் உலகப் பட்டியலில் அதுவும் ‘கவலை குறைந்தது’. சிங்கப்பூரின் சொந்தப் பட்டியலிலோ அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. புலாவ் தெக்கோங்கிலும் பெருந்தீவின் சில காடுகளிலும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இந்த வேறுபாடு நமக்குத் தெரிவது, உள்ளூரில் யாரோ தேடிப் பார்த்துத் தனியாக எழுதிவைத்ததால்தான்.

அதனால் என் மாணவர்களின் விலங்குத் திட்டப்பணிகளில் இப்போது இரண்டு கட்டங்கள் கேட்கிறேன்: உலக நிலை, உள்ளூர் நிலை. இரண்டாவதை இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்ட முடியவில்லை என்று புகார் வருகிறது. வரட்டும்.