மெல்லும் புகையிலையும் கருவின் மூளையும்: எங்கள் நிலைப்பாடு

கர்ப்பிணியும் புகையிலையும் என்றதும் பலருக்குச் சிகரெட்தான் நினைவுக்கு வருகிறது. நம் பெண்கள் புகைப்பதில்லையே என்று அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2016-17இல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்த பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம். மெல்லும் புகையிலை போன்ற புகையில்லா வகைகளைப் பயன்படுத்துபவர்கள் 12.8 சதவீதம். வெற்றிலையோடு ஒரு துண்டு, பல்வலிக்கு ஒரு சிட்டிகை, மசக்கையில் வாய்க் குமட்டலுக்குக் கொஞ்சம் என்று பழக்கம் தொற்றிக்கொள்கிறது.

புகை இல்லையென்றால் குழந்தைக்குக் கேடில்லை என்ற நம்பிக்கையை நாங்கள் உறுதியாக மறுக்கிறோம். புகையிலையில் உள்ள நிகோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை எட்டுகிறது. பனிக்குட நீரிலும் கலக்கிறது. மூளைச் செல்கள் எப்போது பெருகுவது, எங்கே போய் அமர்வது, எதனோடு இணைவது என்பதையெல்லாம் வழிநடத்தும் சமிக்ஞைகளில் ஒன்று அசிட்டைல்கோலின். அதன் ஏற்பிகள் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே கருவின் மூளையில் உருவாகிவிடுகின்றன. அந்த ஏற்பிகளில் நிகோடின் அமர்ந்து, வேளை தவறிய கட்டளைகளைத் தருகிறது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டும் இதற்குத் தப்புவதில்லை. உதட்டுக்கடியில் ஒதுக்கும் ஸ்நூஸ் என்ற புகையிலையைக் கர்ப்பத்தில் பயன்படுத்திய ஸ்வீடன் தாய்மார்களிடம் குறைப்பிரசவமும், குழந்தை இறந்து பிறப்பதும், பிறந்த சிசுவுக்கு மூச்சு நின்று நின்று வருவதும் கூடுதலாகக் காணப்பட்டன. அங்கே புகையே இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு தாயால் ஏன் விட முடிவதில்லை? நிகோடின் டோபமைனைச் சுரக்கவைத்து, இன்னும் வேண்டும் என்று மூளையைப் பழக்குகிறது. நாளாக நாளாக ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. சில மணி நேரம் கிடைக்காவிட்டால் எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல். பதின்பருவத்தில் தொடங்கியவர்களுக்குப் பிடி இன்னும் இறுகும். ஆகவே அவளைத் திட்டுவதை நாங்கள் எதிர்க்கிறோம். திட்டு வாங்கியவள் அடுத்த முறை உண்மையை மறைப்பாள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையும் நின்றுபோகும்.

அரசிடம் நாங்கள் கேட்பது: கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் முதல் நாளிலேயே, கணவரும் மாமியாரும் அருகில் இல்லாதபோது, "வெற்றிலையோடு புகையிலை போடுவீங்களா, பல்லுக்கு வைப்பீங்களா?" என்று கிராம சுகாதார செவிலியர் கேட்க வேண்டும். ஆம் என்றால் அன்றே ஆலோசனை தொடங்க வேண்டும். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் தர வேண்டும். நிகோடின் சூயிங்கத்தைக் கர்ப்பிணி தானாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.