‘பக் ஃபிக்ஸ்’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

போனில் ஒரு ஆப் அப்டேட் கேட்கிறது. ‘புதிதாக என்ன?’ என்ற இடத்தைத் தொட்டால், ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று ஒரே வரி. எந்தப் பிழை? யாருக்குப் பாதிப்பு? பதில் இருக்காது. நாமும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டுவிடுகிறோம்.

கடைசி எண் ஏன் முக்கியம்?

பல மென்பொருள்களின் பதிப்பு எண் 5.2.1 போல மூன்று பகுதிகளாக இருக்கும். முதல் எண் பெரிய வெளியீடு, அடுத்தது புதிய வசதி, கடைசி எண் பிழைத்திருத்தம். பெரிய வெளியீட்டுக்கு விளம்பரம் தூள் பறக்கும். கடைசி எண் மாறுவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால், பல பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடுவது அங்கேதான்.

6113-ஆ, 6114-ஆ?

இலத்தூர், குற்றாலம் பக்கத்துக்காரர்களுக்கு மத்தளம்பாறை சோஹோ அலுவலகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘சோஹோ டெஸ்க்’ உருவானது அங்கேதான். அதே சோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவுக்கு, ஊழியர்கள் தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் ‘ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ்’ என்ற மென்பொருள் உண்டு. 2021 செப்டம்பரில் அதில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. லாகின் இல்லாமலேயே உள்ளே நுழைய முடியும். ஹேக்கர்கள் ஏற்கெனவே நுழையவும் தொடங்கியிருந்தார்கள்.

6113 வரையிலான பில்டுகளுக்கு ஆபத்து, 6114-ல் சரிசெய்தாகிவிட்டது என்று நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான ‘சிசா’வும் உடனே 6114-க்கு மாறச் சொன்னது. எந்த நாட்டு ஐடி ஊழியரும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நம்மகிட்ட இருப்பது 6113-ஆ, 6114-ஆ? ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த அவசரம் யாருக்குப் புரிந்திருக்கும்?

ஹேக்கருக்கு வழிகாட்டுவதாகாதா?

நியாயமான கேள்வி. ஓட்டைக்குள் எப்படி நுழைவது என்று யாரும் எழுதச் சொல்லவில்லை. எந்தப் பதிப்புக்கு ஆபத்து, எவ்வளவு அவசரம் என்று சொன்னால் போதும். பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்க ஹேக்கருக்குத் தெரியும். மௌனத்தால் இருட்டில் நிற்பது பயனர் மட்டும்தான்.

கூகுள் பிளே ஸ்டோரில் இந்தக் குறிப்புக்கு 500 எழுத்துகள் வரை இடம் உண்டு. தமிழிலும் எழுதலாம். ‘இது பாதுகாப்புத் திருத்தம், உடனே போடுங்க’ என்று சொல்ல ஒரு வரி போதும். நம் பணமும் படங்களும் இருக்கும் ஆப்கள் அந்த ஒரு வரியையாவது எழுதியே ஆக வேண்டும்.