உறைகுளிர் ஓரதரிலும் தமிழ் ஏறுக!

கீழக்குயில்குடிச் சமணர்மலையில் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வட்டெழுத்தாற் பொறித்த தமிழ், திருமேனி செய்வித்தார் பெயரை இன்றும் உரைக்கின்றது. கல்லில் நின்ற தமிழ் கருவியில் நில்லாதா?

அம்மலையை அடுத்த மதுரையின் பெரிய மருத்துவமனைகளில் நீர்ம உயிர்வளி, சுழியத்திற்குக் கீழ் 183 பாகைக் குளிரில், கலங்களிற் காக்கப்படுகின்றது. அதனைத் திறந்தும் அடைத்தும் ஆள்வது, வால்வு என்று பலரும் வழங்கும் ஓரதர். அதன் கழுத்தை நீட்டி அமைப்பது, மேலுள்ள கசிவடைப்பு உறையாதிருத்தற்கே. மூடிய இரண்டு ஓரதர்களுக்கு இடையே நீர்மம் சிக்கின், ஆவியாகி 800 மடங்கிற்கு மேல் விரிய முந்தும். அழுத்தம் விடுவிக்கும் ஓரதர் இல்லையேல் குழாய் வெடிக்கும்.

2021 ஏப்பிரல் 21இல் மராட்டிய மாநில நாசிக்கில் மருத்துவமனை உயிர்வளிக் கலம் கசிந்தது. வளியழுத்தம் குன்றி, 20 பேருக்கு மேல் மாண்டனர். இத்தகைய வேளையில் ஓரதரை அடைக்கும் கை நொடியும் தயங்கலாகாது.

மதுரையில் அக்கை தமிழனின் கை. அவன்முன் ஆங்கிலப் பலகை மட்டும் தொங்குமாயின், அது யாரைக் காக்கும்? தமிழிற் சொல் இல்லை என்பார்க்கு ஓரதர் என்னும் சொல்லே விடை. எழுத மனமில்லை என்பதே உண்மை. கலந்தோறும் தமிழில் விழிப்புரை எழுதுக. அது மொழிக்கடன் மட்டுமன்று, உயிர்க்கடன்!