இசைஞானியின் இரு தொகுப்புகள்: ஓர் ஒப்பீடு

திரைப்பாட்டு முணுமுணுக்காத மாணவர் நம் கல்லூரியில் உண்டோ? இளையராஜா என்று சொன்னவுடன் நூறு பாடல்களை அடுக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஆனால் பாட்டுவரி ஏதுமின்றி, கதாநாயகன் நாயகி துணையுமின்றி, அவர் ஆக்கித் தந்த இரண்டு இசைத் தொகுப்புகளைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது, பாட்டாசு வெடிக்காத குறையாகக் கொண்டாடினோம். கைதட்டிய கைகளில் எத்தனை கைகள் அந்தப் பழைய ஒலிநாடாக்களைத் தொட்டிருக்கும்?

முதலாவது, 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?'. இதற்கு என்ன பெயர் வைப்பது என்பது பொருள். தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். இரண்டாவது, 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்'. வெறும் காற்றே, வேறொன்றுமில்லை என்று கொள்ளலாம். அதில் ஐம்பது பேர் கொண்ட இசைக்குழுவோடு புல்லாங்குழல் வாசித்தவர் ஹரிபிரசாத் சௌராசியா. முதல் தொகுப்பின் ஓர் இசைக்கோவைக்கு 'டோன்ட் கம்பேர்', அதாவது ஒப்பிடாதே, என்றே பெயர்! ஆசிரியரின் கட்டளையை மீறித்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கேட்க இனிமையானது எது என்று வாக்கெடுத்தால் இரண்டாவதே வெல்லும். இசை என்பது தென்றலாகவும் புயலாகவும் உருமாறும் காற்றுதான் என்ற எண்ணத்தின்மேல் எழுந்தது அது. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படிகளில் நாதசுரத்தின் பின்னே நடந்தவர்களுக்கு, ஒரு மனிதனின் மூச்சு என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 'சாங் ஆஃப் சோல்' என்னும் பகுதியை இரவில் தனியே கேட்டுப் பாருங்கள். ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. அங்கே குழல் அரசன். ஐம்பது பேரும் பெரும்பாலும் அவனுக்குக் கம்பளம் விரிப்பவர்கள். 'மோசார்ட் ஐ லவ் யூ' என்ற பகுதியில்கூட அன்பு இருக்கிறது, வாக்குவாதம் இல்லை. ஐரோப்பாவும் இந்தியாவும் கலந்த இடத்தில் தையல் தெரியாதபடி மெருகு ஏற்றப்பட்டிருக்கிறது. மெருகு அழகுதான், ஆனால் அந்தத் தையலைப் பார்க்கவே நான் ஆசைப்படுகிறேன்.

தையல் தெரிவது முதல் தொகுப்பில். பாக் 1750-இல் மறைந்தார். தியாகராஜர் 1767-இல் பிறந்தார். ஒருவர் லைப்சிக் நகரின் தேவாலயத்தில் சம்பளத்துக்கு இசையமைத்தவர். மற்றவர் திருவையாற்றுத் தெருக்களில் உஞ்சவிருத்தி எடுத்தவர். இவ்விருவரும் சந்திக்க வழியே இல்லை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் பகுதியில் இளையராஜா அந்தச் சந்திப்பைத் தம் வீட்டிலேயே நடத்திவிடுகிறார். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசை வேகமாக ஓடுகிறது. அதன் ஒரு சுரமும் வளையவில்லை. அதன்மேல் நரசிம்மனின் வயலின் நம் கமகங்களோடு வந்து அமர்கிறது. பாக் பாக்காகவே இருக்கிறார்; நம்மவர் நம்மவராகவே இருக்கிறார். அதை அடுத்து வருவது 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. பிறகு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்று பொருள். விருந்தாளியை வாசலில் நிறுத்தாமல் திண்ணையில் உட்கார வைத்துப் பேசும் பேச்சு அது!

வயலினே ஒரு விருந்தாளிதானே? ஐரோப்பாவிலிருந்து வந்து, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் கைக்குள் புகுந்து, கச்சேரி மேடையில் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டது. அங்கே தாடைக்கு அடியில், இங்கே காலருகில். கருவி ஒன்றே, அமர்வுகள் இரண்டு. இந்தத் தொகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை என்பது என் துணிபு.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது? நான் கனகம்மாசத்திரத்துக்காரன். வீட்டில் பாட்டி தெலுங்கில் கேட்பார். நான் தமிழில் பதில் சொல்வேன். இருவரும் மொழியை மாற்றிக்கொண்டதும் இல்லை, ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் போனதும் இல்லை. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனால் எங்கள் அடுப்பங்கரையில் எல்லைக்கல் நடப்படவில்லை. அண்மையில் மாணவர் சிலர், 'நீ எந்தப் பக்கம், ஒன்றைச் சொல்' என்று விளையாட்டாகவும் வினையாகவும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தெலுங்கில் பாடிய தியாகராஜர் வாழ்ந்த ஊர் காவிரிக்கரையில் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். அதைவிட, மேற்சொன்ன இரண்டு பகுதிகளையும் கேட்கச் செய்யலாம்.

முதல் தொகுப்பு வறண்டது, படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று ஒரு நண்பர் வாதிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 'மேட் மாட் மூட் ஃப்யூக்' என்னும் பகுதியில் ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்த குரல் துரத்திப் பிடிக்கும்போது, முதல் தடவை கேட்பவருக்குத் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது. ஆனால் பாலு மகேந்திரா 1988-இல் 'வீடு' படத்தை எடுத்தபோது பின்னணிக்கு இந்தத் தொகுப்பின் இசையைத்தான் பயன்படுத்தினார். சொந்தமாக ஒரு வீடு கட்டப் படாத பாடு படும் அலுவலகப் பெண்ணின் கதை அது. அங்கே அந்த இசை யாருக்கும் அன்னியமாக ஒலிக்கவில்லையே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹரிபிரசாத் சௌராசியாவின் பெயரை நாடறியும். நரசிம்மனின் பெயரை நம் வகுப்பில் எத்தனை பேர் அறிவர்? 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' என்ற நால்வர் குழுவை அமைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளுக்கு மேலைநாட்டு ஒத்திசைவு கூட்டி வாசித்தவர் அவர். அந்தத் திண்ணைப் பேச்சை அவர் நிறுத்தவே இல்லை.

நம் முத்தமிழ் விழாவில் திரைப்பாடல் போட்டிக்கு ஒரு முழு மாலை ஒதுக்குகிறோம். அடுத்த ஆண்டு அதிலிருந்து கால் மணி நேரம் தந்தால் போதும். ஒலிபெருக்கியை நான் கனகம்மாசத்திரத்திலிருந்து பேருந்தில் கொண்டுவந்து விடுகிறேன்.