பழுப்பு அட்டைக்குள் பீரங்கி

உங்கள் வீட்டு அலமாரியில் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட புஸ்தகம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அந்த அட்டை எதற்காகப் போட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புஸ்தகம் அழுக்காகாமல் இருக்கவா, அல்லது அதன் பெயர் மற்றவர் கண்ணில் படாமல் இருக்கவா?

என் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. மேலே என் கையெழுத்திலேயே, கொட்டை எழுத்தில், 'சங்கீதங்கள் - தியானம்' என்று எழுதி வைத்திருந்தேன். உள்ளே இருந்ததோ அலிஸ்டர் மக்லீன் எழுதிய 'தி கன்ஸ் ஆப் நவரோன்' என்ற யுத்த நாவல்!

சங்கீதம் என்றதும் ஸரிகமபதநி என்று நினைத்துவிடாதீர்கள். தாவீது ராஜா முதலானவர்கள் பாடிய துதிப் பாடல்களுக்கு எங்கள் வேதப் புஸ்தகத்தில் அந்தப் பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. காலையில் ஜெபம், இரவில் ஜெபம், சனிக்கிழமை மாலை பெண்கள் சங்கம், ஞாயிறு ஆலயம். இதற்கு நடுவில் எனக்குப் பீரங்கி, நீர்மூழ்கிக் கப்பல், எதிரியின் கோட்டை, நள்ளிரவில் மலையேறும் ஒற்றர்கள் இவைகளின் மேல் தீராத ஆசை. என்ன செய்வது?

பழக்கி விட்டவன் என் அண்ணன். பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போனதே, அதற்கு முன்னால் அங்கே பழைய புஸ்தகக் கடையில் பேரம் பேசி வாங்கி வந்த மக்லீன் நாவல்களை அவன் படித்துவிட்டுப் போடுவான். நான் பொறுக்கிக்கொள்வேன்.

"பெண்பிள்ளைக்குச் சண்டைக் கதையில் என்ன ருசி?" என்று என் கணவர் கேட்பார். அவருக்குச் சமையலறையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நவரோன் என்பது ஏஜியன் கடலில் இருப்பதாகக் கற்பித்த ஒரு தீவு. குகைக்குள் இரண்டு ராட்சதப் பீரங்கிகளை ஜெர்மானியர் வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தீவில் 1,200 பிரிட்டிஷ் வீரர்கள் அகப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை மீட்கப் போர்க்கப்பல்கள் வந்தாக வேண்டும். வரும் வழியோ பீரங்கியின் வாய்க்கு நேரே. ஐந்து பேர், கொஞ்சம் வெடிமருந்து, ஏற முடியாத ஒரு செங்குத்துப் பாறை, குறித்த நேரம். அவ்வளவுதான் கதை. எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள், ஏழே காலுக்குக் காஸ் தீர்ந்து போகிறது, உதவிக்கு வருவதாகச் சொன்ன நாத்தனாருக்குத் தலைவலி என்றால், அந்த ஐந்து பேரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று நமக்கா தெரியாது?

மக்லீன் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் ஒரு போதகரின் பிள்ளை! 1922-இல் கிளாஸ்கோவில் பிறந்து, இன்வர்னஸ் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டிலே கேலிக் பாஷை பேசி வளர்ந்தவர். 1941-இல் கடற்படையில் சேர்ந்தார். யுத்தம் முடிந்து, படித்து, பள்ளிக்கூட வாத்தியாரானார். 1954-இல் ஒரு பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கினார். அதைப் பார்த்து நாவல் எழுதச் சொல்லிக் கேட்ட காலின்ஸ் கம்பெனி, பைபிள் அச்சிட்டுப் பேர்பெற்ற பழைய கம்பெனி. ஆகவே பைபிளும் பீரங்கியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்கு என் அலமாரி முதல் உதாரணம் அல்ல.

மனிதர் ஒன்றும் மகாத்மா அல்ல. குடி அவரை வெகுவாகப் படுத்தியது. 1987-இல் மியூனிக் நகரில் காலமானார். கடைசிக் காலத்து நாவல்கள் தேறாது என்பது என் அபிப்பிராயம். இயந்திரத்தில் போட்டுப் பிழிந்த மாதிரி இருக்கும். ஆனால் 1955-இல் வந்த முதல் நாவல், 'எச்.எம்.எஸ். யுலிஸஸ்', அது வேறு ஜாதி. ருஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்துக்குத் தளவாடம் கொண்டு போகும் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் பனிக்கடலில் போகிற ஒரு போர்க்கப்பலின் கதை. அந்தக் கடலில் தாமே போய் வந்தவர் எழுதியது. 1942 ஜூலையில் 'பி.க்யூ. 17' என்ற கப்பல் கூட்டத்தில் 24 சரக்குக் கப்பல்கள் மூழ்கிப் போனது சரித்திரம்.

அந்த நாவலில் வாலரி என்று ஒரு காப்டன். பக்திமான், சாது, நுரையீரல் நோயில் இரத்தம் கக்கிக்கொண்டிருப்பவர். நிற்கவே சக்தியில்லாத நிலையில் கப்பலின் மூலை முடுக்கெல்லாம் போய், களைத்துப் போன மாலுமிகளைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறார். அதே நாவலில் ஒரு வாலிபன், சொந்தத் தகப்பனார் இருக்கும் கப்பலையே மூழ்கடிக்கும்படி உத்தரவு வாங்குகிறான். அன்று இரவு நான் தூங்கவில்லை. இதைப் போய் ரசித்தேன் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. கீழே வைக்கவும் முடியவில்லை. மனிதர் மனிதரைக் கொல்லும் கதையை ஒரு கிறிஸ்தவப் பெண் முறுக்கைக் கடித்துக்கொண்டு படிக்கலாமா என்ற கேள்வி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இருந்தாலும் படிக்கிறேன். நேற்று ராத்திரி இரண்டு மணி வரை படித்துவிட்டு, காலை ஜெபத்தைக் கோட்டைவிட்டு, அந்த எரிச்சலைக் கீரைக்காரியிடம் காட்டினேன். இதுதான் என் லட்சணம்.

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு. வேதப் புஸ்தகத்திலேயே யுத்தமும் ஒற்றும் கொஞ்சமாகவா இருக்கின்றன? எரிகோ பட்டணத்தை வேவு பார்க்க யோசுவா இரண்டு ஒற்றர்களை அனுப்புகிறான். ராகாப் என்ற வேசி அவர்களைத் தன் வீட்டு மாடியில் சணல் தட்டைகளுக்குள் ஒளித்து வைத்து, தேடி வந்த ராஜாவின் ஆட்களை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்கி விடுகிறாள். அந்த ராகாப் இயேசுவின் வம்ச வரிசையில் இடம் பெற்றிருக்கிறாள். தாவீதோ, பிறன் மனைவியை இச்சித்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் கொல்லச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான்! தன் சாவைத் தானே சுமந்துகொண்டு போகிறான் அந்த விசுவாசமான சிப்பாய். எந்த மக்லீனுக்கு இப்படி ஒரு முடிச்சு தோன்றும்? இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கும் புஸ்தகத்தின் பெயரைப் போட்டு நான் என் நாவலை ஒளித்தேன். அப்போது இது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்த கதையைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. எங்கள் சங்கம் முறை வைத்து வீட்டுக்கு வீடு கூடும். அன்று என் வீட்டில். ஐயரம்மா வந்திருந்தார்கள். (மாமியோ என்று பார்க்காதீர்கள்! எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது வழக்கம்.) ஜெபம் முடிந்து நான் காபி கலக்கும்போது, சங்கத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு சின்னப் பெண், இரண்டு வயசுக் குழந்தைக்காரி, அலமாரிப் பக்கம் போய் அந்தப் பழுப்புப் புஸ்தகத்தில் கை வைத்துவிட்டாள்.

"பெரியம்மா, இதை எனக்கு ஒரு வாரம் கொடுங்களேன். எனக்குத் தியானமே ஓட மாட்டேங்குது."

பாய்ந்து போய் வாங்கிக்கொண்டேன். "ஐயோ, இதை இன்னொருத்திக்குக் கொடுக்கிறதாச் சொல்லிவிட்டேனம்மா." ஜெபம் முடிந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் போய்விடவில்லை. அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்: "ஜெபம் பண்ண உட்கார்ந்தா பால் கணக்குதான் ஞாபகம் வருது, பெரியம்மா. குழந்தை அழுதா அடிச்சுடறேன். அப்புறம் நானும் அழறேன். உங்களையெல்லாம் பார்க்கிறப்போ, நான் எதுக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கேன்னு தோணுது."

அவள் வயதில் நானும் என் மூத்தவனை அடித்திருக்கிறேன். ஒரு தடவை கரண்டியால். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னேனா? "கர்த்தர் பார்த்துக்கொள்வார் அம்மா, ஜெபத்தை விடாதே" என்று ஒரு வாக்கியத்தை எடுத்து நீட்டிவிட்டு, டம்ளர்களோடு கூடத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் ஐயரம்மா சொன்னார்கள், "எனக்கு யோக்கியதை இல்லை, உங்கள் கூட்டத்துக்கு நான் லாயக்கில்லை" என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியதாக.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நவரோனை எடுத்துப் புரட்டினேன். அந்த ஐவரில் ஸ்டீவன்ஸ் என்று ஓர் இளைஞன். மலையேறுவதில் கெட்டிக்காரன், ஆனால் உள்ளுக்குள் பயந்தவன். எதிரியைவிட, தன் பயத்தைக் கூட்டாளிகள் கண்டுகொண்டுவிடுவார்களோ என்பதுதான் அவனுக்குப் பெரிய பயம். மற்ற நால்வரும் பயமே அறியாதவர்கள், தான் ஒருவன்தான் கோழை என்று அவன் மருகிக்கொண்டே பாறையில் ஏறுகிறான். ஏறும்போது கால் முறிகிறது. எத்தனையோ தடவை அந்தப் பக்கங்களைப் படித்திருக்கிறேன். அன்றுதான் அவன் முகத்தில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. அவளைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பதினைந்து பேரும் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டு!

அந்த நாவலில் ஒரு துரோகியும் உண்டு. கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டு, கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிற ஆள். 1961-இல் வந்த சினிமாவில் ஒருத்தர், நாவலில் வேறொருத்தர். யாரென்று சொல்லிச் சுவாரஸ்யத்தைக் கெடுக்க மாட்டேன். எங்கள் சங்கத்தில் யாரென்று மட்டும் எனக்குத் தெரிந்து போயிற்று.

அடுத்த சனிக்கிழமை, அந்த வாரம் தியானித்த பகுதியை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தோம். என் முறை வந்தது. புஸ்தகத்தைக் கையிலேயே கொண்டு போயிருந்தேன். அட்டையைக் கழற்றினேன். கழற்றும்போது கை நடுங்கிற்று, நிஜமாகத்தான் சொல்கிறேன். கவசமணிந்த அந்த ஜெர்மானியர்களும் பீரங்கியும் ஐயரம்மாவின் மடிக்கு நேரே வெளிப்பட்டார்கள். படித்தது இதுதான், சொன்ன பொய் இது, அந்தப் பெண் என்னிடம் கேட்டது இது, நான் அவளுக்குச் சொல்லாமல் விட்டது இது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கரண்டியையும் சேர்த்து.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஓர் அம்மாள் காபி வேண்டாமென்று எழுந்து போய்விட்டார்கள். இப்படிப்பட்டவள் சங்கத்தில் ஜெபம் நடத்தலாமா என்று பிறகு நாலு இடத்தில் கேட்டதாகவும் காதில் விழுந்தது. கேட்டதில் தப்பில்லை. ஐயரம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கூட்டத்திலேயே மூத்தவரான எண்பது வயதுப் பாட்டியம்மாதான் மௌனத்தைக் கலைத்தார்கள்:

"ஏட்டி, வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல் ஏதாச்சும் உங்கிட்டே இருக்கா? எங்கம்மா பார்க்காம அரிசிப் பானைக்குள்ளே ஒளிச்சு வச்சுப் படிச்சது, பாதியிலே நிக்கி!"

அதற்குப் பிறகு அன்று ஜெபம் வெகு நேரம் நடந்தது. யார் எதைச் சொன்னார்கள் என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். எளிதாக இருக்குமென்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. "அப்போ அன்னிக்கு என்கிட்டே பொய் சொன்னீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ஆமாம் என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. குழந்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மூத்தவனை அடித்த கதையைச் சொன்னபோது மட்டும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். புஸ்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன், அட்டை இல்லாமல்.

இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, அந்த ஸ்டீவன்ஸ் பையன் பிழைப்பானா, மாட்டானா?"

"எந்தப் பக்கத்தில் இருக்கிறாய்?"

"கால் ஒடிஞ்சு, அவனைத் தூக்கிட்டுப் போறாங்க."

"சொன்னால் புஸ்தகத்தை மூடிவிடுவாய். படி" என்றேன். சங்கத்துக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்; அவள் குனிந்து என் செருப்பையும் சேர்த்துத் தேடினாள்.