பேஸ் கிடாரும் அரை மாத்திரையும்

பேஸ் கிடார் பழகும் அமெச்சூர் நண்பர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எந்தக் கம்பெனி, நான்கு தந்தியா ஐந்து தந்தியா, பிக்கப் எது, ஆம்ப் எத்தனை வாட். ஒரு சுரத்தை எப்போது நிறுத்துவது என்று மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் துணிபு, இந்த வாத்தியத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது. வாங்குவதையும் பழகுவதையும் ஒத்திகை பார்ப்பதையும் அதைக் கொண்டே எடைபோட வேண்டும் என்று கருதுகிறோம்.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. 'பட' என்பது ஒரே ஒரு நிரையசை. நடுவில் ஓர் ஒற்று நுழைந்து 'பட்ட' என்றானதும் நேர் நேர் என இரண்டு அசைகளாகிவிடுகிறது. தனித்து நீளாத ஓர் எழுத்து சீரின் நடையையே மாற்றுகிறது. பேஸிலும் அப்படித்தான். நான்கு எண்ணிக்கைக்கு ஒரே சுரத்தை நான்கு முறை வாசியுங்கள். ஒவ்வொன்றையும் அடுத்தது வரும்வரை ஒலிக்கவிட்டால் பாட்டு நடக்கும்; ஒவ்வொன்றையும் பாதியில் விரலால் அடக்கினால் அதே பாட்டு துள்ளும். சுரமும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை.

இந்த வாத்தியத்தை உண்டாக்கியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பிரிட்ஜை மறைத்த உலோக மூடிக்குள் தந்திகளைத் தொட்டு அடக்கும் ஒரு துண்டையும் வைத்திருந்தார். டெட்ராய்டில் மோட்டவுன் நிறுவனத்தின் அறுபதுகளின் பாடல்கள் பலவற்றுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றில் வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்திகளைப் பூட்டி, அறுந்தாலொழிய அவற்றை மாற்றாமல், வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தார். லாஸ் ஏஞ்சலஸின் கேரல் கே கிடாரிலிருந்து பேஸுக்கு வந்தவர். பிளெக்ட்ரம் கொண்டு வாசித்தவர். அவரும் தந்திகளின் மேல் ஒரு மெத்தைத் துண்டை வைத்து ஒலியின் வாலை நறுக்கிக்கொண்டார். உலகம் முழுவதும் கேட்ட அந்த ஒலிக்குப் பின்னால் இருந்தவை மழுங்கிய தந்தியும் ஒரு துண்டு நுரையும்தான் என்பதை, மூன்றாவது வாத்தியத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் ஒருமுறை யோசிக்கலாம். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை வெட்டி பிரிட்ஜின் அருகே தந்திகளுக்கு அடியில் செருகிப் பாருங்கள். செலவு பத்து இருபது ரூபாய்.

(பேஸுக்கு யாரும் விரும்பி வருவதில்லை என்ற கேலியில் சிறிது உண்மையும் உண்டு. 1961இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பீட்டில்ஸை விட்டு விலகியபோது அந்த இடம் பால் மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. விழுந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பது வேறு கதை.)

ஐந்து தந்தி ஆசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கு தந்தி பேஸின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது தந்தி அதனினும் கீழே 31 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. வீட்டிலிருக்கும் சிறிய ஆம்ப்பால் அதை உள்ளபடி ஒலிக்க இயலாது. அதோடு, அடக்கிவைக்க வேண்டிய தந்தி ஒன்று கூடுகிறது. பேஸில் வாசிக்காத தந்தி சும்மா இருப்பதில்லை. அடித்தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டை வாசித்தால் பக்கத்துத் தந்தி தானாகவே அதிரும். இரண்டும் ஒரே சுரம். வலக்கைப் பெருவிரலை மேல்தந்திகளின் மீது சாய்த்து வைப்பதும், இடக்கையில் வேலையில்லாத விரல்களை மற்றத் தந்திகளின் மேல் படரவிடுவதும் இதற்காகத்தான். வேகமாக வாசிக்கக் கற்பதற்கு முன் இதைக் கற்றவர்களின் வாசிப்பு, மலிவான வாத்தியத்திலும் துலக்கமாகக் கேட்கிறது. நான்கு தந்திகளில் இது கைவந்த பிறகு ஐந்தாவதைப் பற்றிப் பேசலாம்.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? இருக்கும் வாத்தியத்தைச் சீர்செய்வதில் என்போம். கடற்கரை ஊர்களின் ஈரத்தில் கழுத்து வளைகிறது, தந்தி துருப்பிடிக்கிறது. அடித்தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, எட்டாம் ஃப்ரெட்டின் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நலம். அதைவிட மிகுதியாக இருந்தால் டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் முடுக்கி, கழுத்து நிலைகொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவது நல்லது. அகலமான தோள்பட்டி ஒன்றும் வாங்குங்கள். நான்கு கிலோ எடை இரண்டு மணி நேரம் ஒரே தோளில் தொங்குகிறது.

கையைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற விதியைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டு மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர். கீழ் ஃப்ரெட்டுகளில் இடைவெளி பெரிது. நின்று வாசிக்கும் டபுள் பேஸ்காரர்கள் சிமாண்டல் முறையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்துகிறார்கள். அதை ஐந்தாம் ஃப்ரெட்வரை கடைப்பிடிக்கத் தடையொன்றும் இல்லை. கை சிறியதாக இருந்தால் 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குல அளவுகோல் கொண்ட பேஸும் கிடைக்கிறது. மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் அந்த வகைதான். வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது சாதகம் ஆகாது.

நிறுத்தத்தைப் பழக முதலில் அது காதில் விழ வேண்டும். பேஸ் வாசிப்பவர்கள் பலர் தம் வாசிப்பையே சரியாகக் கேட்டதில்லை என்பது எங்கள் ஐயம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸைத் தர இயலாது. மேலே உள்ள இணையொலிகளைக் கொண்டு விடுபட்ட அடிச்சுரத்தை மனம் நிரப்பிக்கொள்கிறது. சுரம் எது என்று தெரியும், அதன் உடல் தெரியாது. நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு 'நிழல்கள்' (1980) படத்தின் 'மடை திறந்து' பாடலைக் கேளுங்கள். இளையராஜாவின் மெட்டை அன்று மட்டும் விட்டுவிட்டு, பேஸின் சுரங்கள் எங்கே தொடங்குகின்றன என்றல்ல, எங்கே முடிகின்றன என்று தொடர்ந்து போங்கள். வாங்கும் பொருள்களில் ஹெட்ஃபோனுக்கு நாங்கள் முதலிடம் தருவது இதனால்தான்.

ஒத்திகை அறைக்கு வந்தால் இன்னொரு குழப்பம். 41 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். ஏறக்குறைய 14 அடி நீளமுள்ள அறையில் அதில் பாதிதான் கொள்ளும். விளைவு, அந்தச் சுரம் சுவரோரம் நிற்பவருக்கு இடியாகவும் நடுவில் நிற்பவருக்கு மங்கலாகவும் கேட்கிறது. நடுவில் நிற்பவர் பேஸ்காரராக இருந்தால் ஒலியைக் கூட்டுகிறார். சுவரோரம் இருக்கும் கீபோர்டுக்காரர் முகம் சுளிக்கிறார். குழுக்களில் மூளும் மனத்தாங்கல்கள் சிலவற்றின் வேர் இதுவாக இருக்கலாம். ஆம்ப்பை மூலையிலிருந்து இழுத்து, காதை நோக்கிச் சற்றுச் சாய்த்து நாற்காலி மீது வைத்து, நீங்கள் இரண்டடி நகர்ந்து பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகே வாட் கணக்கைப் பேச வேண்டும். டிரம்ஸுடன் வாசிக்க 100 வாட்டுக்குக் குறைவாக இருந்தால் திணறும் என்பது உண்மைதான். தாழ்ந்த ஒலிக்கு நம் காது மந்தம். சிறிய கிடார் ஆம்ப்பில் பேஸைச் செருகி முழு ஒலியில் வைப்பது மட்டும் வேண்டாம், ஸ்பீக்கர் கிழிந்துபோகும்.

மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் ஜாம் ரூமில் பாட்டைக் கற்றுக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எங்களுக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நால்வர் காசில் ஒருவர் வீட்டுப்பாடம் செய்கிறார். பாட்டின் பகுதிகளையும் கார்டுகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் டிரம்ஸ் நண்பரும் பேஸ் நண்பரும் மற்றவர்களுக்கு அரைமணி முன்னதாக வந்துவிடட்டும். கிக்கும் பேஸும் ஒன்றாகத் தொடங்குவதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நாங்கள் சொல்வது அடுத்த பாதி. இரண்டாம் நான்காம் எண்ணிக்கையில் ஸ்னேர் விழும் கணத்தில் பேஸ் அடங்கிவிடுவதாக இருவரும் உடன்பட்டு ஒரு பாட்டை வாசித்துப் பாருங்கள். டிரம்ஸ்காரர் ஓங்கி அடிக்காமலேயே ஸ்னேர் எழுந்து நிற்கும். எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது. மெதுவான பாட்டுகளில் ஸ்னேரைக் கடந்து சுரம் நீள்வதே அழகு. ஆனால் எது வேண்டும் என்று இருவரும் பேசித் தீர்மானித்திருக்க வேண்டும். பேசாமல் விடப்பட்ட சுரநீளந்தான் பல அமெச்சூர் குழுக்களைக் குழறலாக ஒலிக்கச் செய்கிறது. பாடகர் மேல் பழி விழுவது வழக்கம், பாவம்.

வீட்டில் தனியே பழக மெட்ரோனோமை 60இல் வைத்து, அதன் ஒலியை இரண்டாம் நான்காம் எண்ணிக்கையாகக் கொண்டு வாசியுங்கள். பாட்டு 120இல் ஓடும், ஒன்றாம் எண்ணிக்கையைக் காப்பது உங்கள் பொறுப்பாகிவிடும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கடைசியாக, காது. ஒத்திகையில் பேஸ்காரர் வழக்கமாக நிற்பது சிம்பலுக்குப் பக்கத்தில். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகிறது என்றும் அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரந்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் காதடைப்பான், ஒரு செட் நல்ல தந்தியைவிட மலிவாகவே கிடைக்கிறது. அடைத்துக்கொண்டால் பேஸ் கேட்காதே என்று கேட்கும் நண்பர்களுக்கு: தாழ்ந்த ஒலி எலும்பின் வழியாகவும் ஏறும், வாத்தியத்தின் உடல் உங்கள் விலாவைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.