எரவாடாவின் செவ்வாய்க்கிழமைகள்

உப்புச் சத்தியாக்கிரகத்தால் தேசமே கொந்தளித்துக்கொண்டிருந்த 1930-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், கராடி என்னும் சிற்றூரில் கைதான காந்தியடிகள் புனாவை அடுத்த எரவாடாச் சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே தடியடியும் சிறைவாசமுமாக நாட்கள் சென்றுகொண்டிருக்க, உள்ளே அவர் மேற்கொண்ட காரியத்தை நினைக்குந்தோறும் என் வியப்பு அடங்குவதில்லை. ஜூலை 22-ஆம் தேதி தொடங்கி, செவ்வாய்க்கிழமைதோறும், அதிகாலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு, சபர்மதி ஆசிரமவாசிகளுக்கு விரதங்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கடிதம் எழுதி வந்தார். சத்தியம், அகிம்சை, பிரம்மசரியம், ருசியை வெல்லுதல், அஸ்தேயம் என்னும் திருடாமை என்று வளர்ந்த அக்கடிதங்களே பின்னர் ‘மங்கள பிரபாதம்’ என்னும் சிறு நூலாயின.

விடியலில் எழுந்து கண்மூடி அமர்ந்தால் வாழ்வின் லட்சியம் தானாகவே வந்து வாய்க்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். காந்தியடிகளுக்கோ லட்சியம் புதிதாக வாய்க்க வேண்டிய அவசியமே இல்லை. 1915-இல் கோச்ரப்பில் ஆசிரமம் கண்ட நாள் முதல் அவர் உபதேசித்தும் அனுஷ்டித்தும் வந்த விரதங்கள்தாம் இவை. அறுபது வயதைக் கடந்த ஒருவர், பதினைந்து ஆண்டுகளாகத் தாம் கொண்டிருந்த சங்கல்பத்தையே மறுபடியும் எடுத்து, இதன் பொருளை உண்மையில் அறிந்திருக்கிறோமா என்று விடியற்காலையில் சோதித்துப் பார்க்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நானும் வைகறையில் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு எழுதும் வழக்கமுடையவன். தியானத்தின்போது மனத்தில் நிறைந்து நின்ற தெளிவு, அதை வாக்கியமாக்க முற்படும் வேளையில்தான், எவ்வளவு என்னுடையது, எவ்வளவு பிறர் சொல்லக் கேட்டுப் பழகியது என்று பிரிந்து தெரிகிறது. மௌனத்தில் எல்லாம் விளங்கியதுபோல் இருக்கும். காகிதம் அப்படி விட்டுவிடுவதில்லை. ஆசிரமவாசிகள் நாள்தோறும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தியதன் நியாயமும் இதுவே என்று நம்புகிறேன்.

மேலும், அவர் எழுதியது தம் அந்தரங்கத்துக்காக மட்டுமன்று. சமையற்கட்டிலும் தறியிலும் கழிப்பிடத்தைத் தூய்மை செய்யும் பணியிலும் நாளைக் கழிக்கும் மனிதர்கள் கேட்டு நடப்பதற்காக. ஆகையால் தத்துவம் உடனே அன்றாடத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகாரத்தை ஔஷதம்போல் அளவறிந்து உட்கொள்ள வேண்டும் என்கிறார். தேவையில்லாத ஒன்றை ஏற்பதும், பிறர் பொருளின்மேல் ஆசை வைப்பதும்கூடத் திருட்டே என்கிறார். திருட்டைப் பற்றிய இவ்வாக்கைப் படித்த பிறகு, என் வீட்டு அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் உண்டாகிறது. அச்சங்கடத்தை நான் நன்மையாகவே கருதுகிறேன்.

அவ்வரிசையில் ஒரு விரதத்தை மட்டும் அவர் சிறையில் எழுதாமல் விட்டார். சுதேசியைப் பற்றி எழுதப் புகுந்தால் அரசியலைத் தொடாமல் முடியாது; கைதியாக இருக்கையில் அரசியல் எழுதுவதில்லை என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரம்பு. எந்தச் சுதேசிக்காக ராட்டையை ஊரூராகச் சுமந்து சென்றாரோ, அதைப் பற்றிய கட்டுரை, 1931 ஜனவரியில் விடுதலையாகி வெளிவந்த பிறகே எழுதப்பட்டது.